இரும்பறைக்குள் உன் அப்பா

தம்பி,

நலம் விசாரிக்கும் வரிகளை இதில் தேடாதே. நீ நலமாகத்தான் இருக்கிறாய். பெங்களூரிலிருந்து வாரம் தவறாமல் வீடியோ போடுகிறாய், நானும் பார்க்கிறேன். இங்கே திண்டிவனத்தில் உன் அப்பா இந்த நிமிஷம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் வெல்டிங் ஹெல்மெட்டுக்குப் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை விழுப்புரத்துக்கு வரச் சொல்லி அவரைக் கூப்பிட்டிருக்கிறாயாமே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த மனிதர், வெல்டிங் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் தலையில் அடித்துச் சொன்ன மனிதர், பண்டிகைக்குப் புதுச் சட்டை வாங்கிய பிள்ளை மாதிரி அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். திங்கட்கிழமை அவர் இந்த வீட்டைவிட்டுக் கிளம்பக்கூடாது. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், சண்டை போட்டும் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அங்கன்வாடியில் டீச்சராக இருந்து ஊர்ப் பிள்ளைகளை மேய்த்தவள் நான். மூக்கு ஒழுகிக்கொண்டு வருகிற பிள்ளைகூட நான் பேசி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பெற்ற பிள்ளையிடம் அந்த மரியாதைக்கு வழியில்லை. அதனால் உட்கார்ந்து எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். உன் பெண்டாட்டி படிக்கட்டும், உன் ஆபீசில் படிக்கட்டும், உன் வீடியோவுக்குக் கீழே கை தட்டுகிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும். உன் அப்பாவுக்கு மட்டும் காட்டாதே. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். மற்ற அம்மாக்கள் இப்படிப் பிள்ளைக்கு எழுதும்போது தங்கள் குறைகளையும் சொல்லிக் கண் கலங்குவார்களாம். எனக்கு அந்த மனசு இப்போது இல்லை. இதில் இருக்கிற கோபம் முழுக்க உன் மேல்தான்.

இந்த இரும்பறை விஷயத்தை நீ முதல்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நீ தட்டில் கை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தாய். "அம்மா, வானத்துல ரொம்ப ஒசரத்துல ஒரு குண்டு வெடிச்சா போதும். கீழ ஒரு ஆளுக்கும் காயம் ஆவாது. ஆனா அதுலருந்து ஒரு அலை வரும். மின்காந்தத் துடிப்பு. போன், கம்ப்யூட்டர், பம்பு செட் ஸ்டார்ட்டர், போர்டு இருக்கிற எல்லாமே அடுத்த செகண்டு டெட்டு" என்றாய். "யாருடா நம்ம திண்டிவனத்து மேல வந்து குண்டு போடப் போறான்? வேற ஊரே கெடைக்கலியா அவனுக்கு?" என்று கேட்டேன். உன் அப்பா சிரித்தார். உனக்குச் சிரிப்பு வரவில்லை. "குண்டே வேணாம்மா. சூரியன்ல பெரிய புயல் வந்தா கரண்ட் லைனு காலி. பக்கத்துல இடி வுழுந்தாலே போன மழையில நம்ம இன்வெர்ட்டர் போச்சா இல்லியா?" என்றாய். போனது உண்மைதான். அந்தத் தெரு முழுக்க டிவி போயிற்று.

அப்புறம்தான் அதைச் சொன்னாய். "சுத்தியும் இரும்பு இருந்தா அந்த அலை உள்ள வராதுப்பா. இரும்பு மேலயே ஓடி எர்த்துக்குப் போயிடும். கம்ப்யூட்டரு, கன்ட்ரோல் போர்டு எல்லாத்தையும் உள்ள வெச்சுட்டா சேஃப். ஆனா ஒரு சந்துகூட இருக்கக்கூடாது. கதவு, மூலை, ஜாயிண்டு எங்கயும்." நீ என்னைப் பார்த்து ஆரம்பித்தவன், முடிக்கும்போது உன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கம்பெனிகளுக்கு இந்த மாதிரி இரும்புக் கட்டடம் போட்டுத் தரப் போகிறேன், முதலில் மாதிரிக்கு ஒன்று நம் பட்டறைப் பக்கத்திலேயே வைக்கலாம் என்றாய். நாற்காலியில் சாய்ந்து கிடந்தவர் அப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். பேஸ்மேக்கர் வைத்ததிலிருந்து அவர் அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. நீ சொன்ன விஷயத்தில் ஒரு தப்பும் இல்லை. படித்தவன், சரியாகத்தான் சொன்னாய். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

உன் அப்பாவுக்கு வெல்டிங் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் சொல்கிறேன், நீ மறந்துவிட்ட மாதிரித் தெரிகிறது. பிரம்மதேசம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை ஆய்ந்து பிழைத்த குடும்பம் அவருடையது. திண்டிவனத்தில் ஒரு கிரில் பட்டறையில் சேர்ந்து, கண் வீங்கி, கை பொத்துக் கற்றுக்கொண்டார். அப்புறம் மரக்காணம் ரோட்டில் நம் வீட்டை ஒட்டியே சொந்தப் பட்டறை. அரிசி மில்லுக்குக் கூரை, கல்யாண மண்டபத்துக்கு ஷெட்டு, பெரிய பெரிய வீட்டுக்குக் கேட்டு. கேட்டை மாட்டும்வரை 'வாய்யா, வாய்யா' என்பவர்கள், மாட்டியதும் அதே கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே, "கேட்டு சும்மா வெண்ணெ மாதிரி ஓடுது" என்பார். அதோடு சரி.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பட்டறைக்குப் போய் அவர் வெல்டு வைப்பதை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டாய். கண்ணில் மணலைக் கொட்டினாற்போல அலறினாய். மடியில் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கை அரிந்து அரிந்து உன் கண்ணில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாள் முதல் வேலையாகத் தார்ப்பாய் வாங்கிவந்து வெல்டு வைக்கிற இடத்தைச் சுற்றிக் கட்டினார். அதற்குள்ளே வெயில் காலத்தில் மனிதன் வெந்துபோவான். பட்டறை ஆள் ஏழுமலைகூட, "அண்ணே, காத்தே வரல, கொஞ்சம் தூக்கி வுடுண்ணே" என்று கெஞ்சுவான். "புள்ள வருவான்டா, இருக்கட்டும்" என்பார். நீ ஹாஸ்டலுக்குப் போகும்வரை அந்தத் தார்ப்பாய் இறங்கவே இல்லை.

அந்த ஹாஸ்டலில் என்ன நடந்தது என்று நான் மறக்கவில்லை. உன்னைப் பார்க்க இரண்டு பேரும் வந்திருந்தோம். உன் சிநேகிதன், "அங்கிள் என்ன பண்றாரு?" என்று கேட்டான். "கன்ஸ்ட்ரக்‌ஷன் லைன்ல இருக்காரு" என்றாய். உன் அப்பா தலையை ஆட்டிச் சிரித்தார். பஸ்ஸில் திரும்பும்போது, "கன்ஸ்ட்ரக்‌ஷன் லைனாமே நானு" என்று இரண்டு தடவை சொன்னார், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தவர்கள் மேல் வராத வருத்தம் அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது. உனக்குப் படிப்பு வந்தது, உத்தியோகம் வந்தது, கல்யாணமும் ஆயிற்று. வெல்டர் மகன் என்று ஒரு தடவைகூட உன் வாயிலிருந்து வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

பேஸ்மேக்கர் வைத்தபோது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நீயும் இருந்தாய். அந்த லேடி டாக்டர் சொன்னதைக் கேட்டாய். "போனை வலது காதுல வெச்சுப் பேசுங்க, சட்டைப் பையில போடாதீங்க. அதெல்லாம் சின்ன விஷயம். வெல்டிங் மட்டும் தொடவே கூடாது. அந்த மெஷின்லருந்து வர்ற அலை இந்தக் கருவியக் கொழப்பிடும். இதயம்தான் அடிச்சுக்கினு இருக்குதுன்னு தப்பா நெனச்சு இது கம்முனு இருந்துடும்" என்றார். உன் அப்பா கேட்டதென்ன தெரியுமா? "கேஸ் வெல்டிங் பண்ணலாங்களா மேடம்?" டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததிலிருந்து பட்டறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏழுமலைக்கு அளவு சொல்வதோடு நின்றுகொண்டார். வெல்டிங் கம்பியைக் கவ்விப் பிடிக்கிற ஹோல்டரைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் உயிரோடு இருந்தார்.

அப்படி இருந்த மனிதரைத்தான் நீ கிளப்பினாய். முதலில் ஒழுங்காகத்தான் போயிற்று. இரும்புத் தகடுகளை வெட்டி, ஓரத்தை மடித்து, ஏழுமலையும் ஆட்களும் போல்ட் போட்டு இறுக்கினார்கள். அவர் நாற்காலியில் இருந்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். அறை எழும்பியது. நீ ஒரு சனிக்கிழமை வந்து, போனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து கூப்பிட்டாய். உள்ளே ஜோராக மணி அடித்தது. நீ மூலை மூலையாகத் தடவிப் பார்த்தாய், ஒரு போல்ட்டைக் கழற்றினாய், தகட்டை விலக்கினாய். உள்ளே சிவப்பு. இரண்டு தகடும் சேருகிற மடிப்பு முழுக்க ரெட் ஆக்சைடு அடித்திருந்தது.

"யாரு இதுக்கு உள்ள பெயிண்ட் அடிச்சது? அறிவு இருக்கா?" என்று கத்தினாய். ஏழுமலை வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "நான்தாம்ப்பா அடிக்கச் சொன்னேன். ரெட் ஆக்சைடு அடிக்காம ஒரு இரும்பையும் நான் இதுவரைக்கும் மாட்டினதில்ல. துரு புடிச்சிடுமில்ல?" என்றார். "இரும்பும் இரும்பும் தொடணும்பா! நடுவுல பெயிண்ட் இருந்தா அது சந்து. அலை அது வழியா உள்ள பூந்துடும். இதுகூடத் தெரியாம..." என்று நிறுத்தினாய். பட்டறை ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். ஏன்டா, நீ அவரிடம் சொன்னாயா? சந்து இருக்கக்கூடாது என்றாய், பெயிண்ட்டும் சந்துதான் என்று சொன்னாயா? திண்டிவனத்தில் எந்தப் பட்டறைக்காரனைக் கேட்டாலும் இரும்பைப் பூட்டும் முன்னால் ரெட் ஆக்சைடுதான் அடிப்பான். அடிக்காமல் விட்டவனைத்தான் மற்றவர்கள் ஏசுவார்கள். நல்ல வேலைக்காரன் என்பதற்காக அந்த மனிதர் உன்னிடம் திட்டு வாங்கினார்.

"போல்ட் வேணாம்பா, எல்லா ஜாயிண்டையும் விடாம வெல்டு வெச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு நீ பெங்களூர் பஸ் ஏறிவிட்டாய். யார் வைப்பது என்று நீ கேட்கவில்லை. ஏழுமலை ஷெட்டு வேலைக்காரன். ஷெட்டுக்கு விட்டு விட்டு ஒட்டினால் போதும். மெல்லிய தகட்டில் நீளமாக விடாமல் வைத்தால் தகடு கோணிக்கொள்ளும், ஓட்டை விழும். இரண்டு மூலை வைத்துப் பார்த்தான், இரண்டிலும் ஓட்டை. உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "குட்றா இங்க" என்று ஹோல்டரை வாங்கினார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "இன்னாங்க பண்றீங்க நீங்க? டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா?" என்று கத்தினேன். "வுடு, வுடு. கொஞ்சம் கொஞ்சமா வெக்கிறேன். புள்ள நாலு பேரு எதிர்ல தலை குனிஞ்சு நிக்கலாமா?" என்றார். தலை குனிந்து நின்றது நீ இல்லை. அதை அவரிடம் யார் சொல்வது?

உனக்கு உடனே போன் போட்டேன். தெரியாது என்று நீ சொல்ல முடியாது. "அம்மா, நானும் படிச்சுப் பாத்தேன். கரண்ட் அளவைக் கம்மியா வெச்சு, கேபிளை நெஞ்சுக்குத் தள்ளி வெச்சுக்கினா பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு போட்டிருக்காங்க. அப்பாகிட்ட சொல்லிடுறேன், நீ டென்ஷன் ஆகாத" என்றாய். டாக்டர் சொன்னதற்கு மேலே நீ எங்கேயோ படித்துவிட்டாய். கேபிளைத் தள்ளி வைக்க வேண்டுமாம்! உன் அப்பா வெல்டு வைப்பதை நீ ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால் தெரியும். கேபிளின் கனம் கையை இழுக்கக்கூடாது என்று அதை இடது தோளில் போட்டுக்கொண்டுதான் ஹோல்டரைப் பிடிப்பார். பேஸ்மேக்கர் வைத்திருப்பதும் இடது பக்கம்தான். நாற்பது வருஷத்துப் பழக்கம், நீ போனில் சொன்னதும் தோளைவிட்டு இறங்கிவிடுமா? நான் பார்க்கும்போது இறக்குவார், நான் திரும்பினால் தூக்கிப் போட்டுக்கொள்வார்.

இப்போது அதற்கப்புறம் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ வந்திருந்தாய். வெளிப்பக்கத்து வெல்டு எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே மூலைகள் பாக்கி. கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டு இருட்டில் நின்றால், எங்கே ஊசி முனை அளவு வெளிச்சம் வருகிறதோ அங்கே சந்து இருக்கிறது என்று தெரிந்துவிடும். கரண்டுக்கென்று நீ சுவரில் பூட்டிய ஃபில்டர் பெட்டியில் மெஷினை மாட்டி, அதையும் உள்ளேயே வைத்துக்கொண்டு, அப்படிப் பார்த்துப் பார்த்து வெல்டு வைத்துக்கொண்டிருந்தார். லீவு நாள், ஆட்கள் இல்லை. நீ வீட்டில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாய். கறிக்குழம்பு இறக்கிவிட்டு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர் போனுக்குப் போட்டேன். வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பொம்பளை சொன்னாள். "இன்னாடா, உங்கப்பா போனு போவல" என்றேன்.

நீ துள்ளி எழுந்தாய். "அம்மா! போவலியா? நெஜமாவா?" என்று என் போனைப் பிடுங்கி நீயே போட்டுப் பார்த்தாய். "சக்சஸ்மா! ரூம் வேலை செய்யுது! அப்பா கைல போனு இருக்கு, சிக்னல் உள்ள போவல பாரு!" என்று குதித்தாய். ஸ்பீக்கரில் போட்டு, அந்தப் பொம்பளை பேசுவதை உன் போனில் வீடியோ எடுத்தாய். ஒரு தடவை எடுத்தது சரியாக வரவில்லை என்று மறுபடி போட்டாய், மறுபடி எடுத்தாய். "சோறு ஆறுதுடா, போயி கூப்புடு அவர" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "இரும்மா, ஒரே ஒரு தடவ" என்றாய். எனக்கும் உன் சந்தோஷத்தைப் பார்த்து வாய் சிரித்தது. நான்தான் கரண்டியோடு இறங்கிப் போனேன்.

கதவைத் தட்டினேன். இரும்பில் என் கை வலித்ததுதான் மிச்சம். கைப்பிடியை அழுத்தித் தள்ளினால் பாதிதான் திறந்தது, ஏனென்றால் அவர் கால் கதவுக்குப் பின்னால் கிடந்தது. ஹெல்மெட் முகத்தில் பாதி கழன்று, கேபிள் தோளில் அப்படியே மாலை மாதிரி கிடக்க, மண்டை கீழ்ச் சட்டத்தில் இடித்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மயக்கம் தெளிந்திருந்தது, ஆனால் எழ முடியவில்லை. அவர் கையில் போன் இருந்தது. என் நம்பருக்குத்தான் போட்டிருக்கிறார், தம்பி. திரும்பத் திரும்ப எனக்குப் போட்டிருக்கிறார். உள்ளேயிருந்து அவர் எனக்குப் போட, வெளியேயிருந்து நீ அவருக்குப் போட்டு வீடியோ எடுக்க, நடுவில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய அந்தச் சுவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில்தான் நீ வந்தாய்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாய், இல்லை என்று சொல்லவில்லை. வழியெல்லாம் அழுதாய். அந்த அழுகை அதே லேடி டாக்டர் முன்னால் போய் நிற்கும்வரைதான். "எப்படி விழுந்தாரு?" என்று கேட்டார். "வழுக்கிட்டாரு டாக்டர்" என்றாய். படுத்துக் கிடக்கிறவர் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க மேடம், வழுக்கிச்சு" என்றார். அப்பனும் பிள்ளையும் அவ்வளவு ஒற்றுமை. நான்தான் சொன்னேன், வெல்டு வைத்தார் என்று. அந்த டாக்டர் கருவியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "கருவி நல்லாத்தான் இருக்கு. வெல்டிங் நின்னதும் திரும்ப வேலை செஞ்சிருக்கு. விழுந்ததுல ஹோல்டர் கைய விட்டுடுச்சு, தப்பிச்சாரு. ஹோல்டர் அப்படியே ஒட்டிக்கினு இருந்திருந்தா நான் இப்ப உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கினு இருப்பேன்" என்றார். வெளியே வந்ததும் நீ என்னிடம், "ஏம்மா டாக்டர்கிட்ட போயி அதெல்லாம் சொன்ன? பேஜாரு ஆயிடுச்சு பாரு" என்றாய். அன்றைக்கு உன்னை அறையாமல் விட்டேன். தையல் போட்ட இடத்தில் அவருக்கு இன்னும் முடி முளைக்கவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் உன் வீடியோ வந்தது. அந்த இரும்பறை முன்னால் இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கிறாய். "எலக்ட்ரானிக்ஸ்னா வெறும் பொருள் இல்லைங்க, உயிர். எங்க அப்பா நெஞ்சுலகூட ஒரு பேஸ்மேக்கர் இருக்கு" என்கிறாய். அப்புறம், "எங்க அப்பா ஒரு வெல்டர். இந்த ரூம்ல ஊசி அளவு சந்துகூடக் கிடையாது. அது அவரோட கை" என்கிறாய். ஹாஸ்டலில் வராத வார்த்தை, ஆர்டர் பிடிக்கும்போது வந்தது. அடுத்து என் போன் வருகிறது, ஸ்பீக்கரில் அந்தப் பொம்பளை பேசுகிறாள், நீ சிரிக்கிறாய். காதைக் கொடுத்துக் கேட்டால் பின்னால் என் குரலும் இருக்கிறது, சோறு ஆறுதுடா என்று. அதை வெட்டக்கூட உனக்குத் தோன்றவில்லை. அவர் கீழே ரத்தத்தில் கிடந்துகொண்டு என்னைக் கூப்பிட்ட அந்த நேரத்தை எடுத்து ஊருக்கே காட்டி விற்கிறாய்.

உன் அப்பா அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறார் என்று எனக்குக் கணக்கு இல்லை. ஏழுமலைக்குக் காட்டியாயிற்று, டீக்கடையில் காட்டியாயிற்று, பூசை முடிந்து சர்ச் வாசலில் நிற்கிறவர்களுக்கும் காட்டியாயிற்று. "எங்க அப்பா ஒரு வெல்டர்" என்று நீ சொல்கிற இடம் வந்ததும் சத்தத்தைக் கூட்டுவார். அந்த போன் காட்சி என்றைக்கு எடுத்தது என்று அவருக்குத் தெரியாது. வேறொரு நாள் சோதித்துப் பார்த்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். என் குரலைக் கேட்டு, "உன் வாயி வீடியோவுலயும் சும்மா இல்ல பாரு" என்று சிரிக்கிறார். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது விழுப்புரம். திருவாமாத்தூர் போகிற ரோட்டில் கோழிக்குஞ்சு பொரிக்கிற பண்ணைக்காரர் ஒருவர், இடி விழுந்து மெஷின் போர்டு எல்லாம் போய் முட்டை முழுக்க வீணானதில் பயந்து, உன்னிடம் ஆர்டர் கொடுத்திருக்கிறாராம். நல்லது, கட்டிக்கொடு. முட்டைக்குள் இருக்கிற குஞ்சுக்குக்கூட நல்லது கெட்டது பார்க்க ஆள் இருக்கிறது. அதற்கு இவர் எதற்கு? "சும்மா வந்து ஒக்காந்து பாத்துக்குங்கப்பா போதும்" என்று சொன்னாயாம். அதோடு விட்டாயா? "உங்க கை மாதிரி யாருக்கும் வராதுப்பா" என்றும் சொல்லியிருக்கிறாய். சும்மா உட்காருகிறவருக்கு ஹெல்மெட் கண்ணாடி எதற்குடா? "பெத்த புள்ள கூப்புடறான், நான் போவாம வேற எவன் போவான்? நீ கம்முனு இரு" என்கிறார் என்னிடம். முப்பது வருஷத்துக்கு மேல் அவரோடு குடும்பம் நடத்துகிறேன், என் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் அந்தப் பெட்டிக்குள் மறுபடியும் போய்ச் சாத்திக்கொள்வார்.

அதனால் நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், கேள். 'வரவேண்டாம்பா, உடம்பு முக்கியம்' என்று சொல்லாதே. அதைக் கேட்டால், பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவார். 'உங்க வெல்டு லீக் ஆவுது, வந்து சரி பண்ணுங்க' என்றும் சொல்லாதே. ரெட் ஆக்சைடு சமயத்தில் அப்படி ஒன்றைச் சொல்லித்தான் அவரை எழுப்பிவிட்டாய். நீ சொல்ல வேண்டியது இதுதான்: திண்டிவனத்து ரூம் லீக் ஆகிறது, உங்கள் வெல்டு சரியில்லை, சென்னையிலிருந்து வேறு ஆள் வரப்போகிறான், விழுப்புரமும் அவன்தான் செய்கிறான், இனிமேல் இந்த வேலைக்கு நீங்கள் தேவையில்லை. குரலில் ஈரம் இல்லாமல் சொல். அந்த வீடியோவையும் அழித்துவிடு. ஈரமில்லாமல் பேசுவது உனக்கு வரும் என்றுதான் நினைக்கிறேன்.

பொய்தான். அந்த அறையில் ஒரு சந்தும் இல்லை என்று என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. இதைக் கேட்டால் அவர் உடைந்துபோவார். சோறு இறங்காது, ஏழுமலை முகத்தில் முழிக்கமாட்டார், உன்னோடு மாதக்கணக்கில் பேசமாட்டார். பேசாமல் இருக்கட்டும். கோபித்துக்கொண்டு இந்த வாசலில் உட்கார்ந்திருக்கட்டும். அவரை நான் சமாளித்துக்கொள்வேன்.

இதைச் செய்ய உனக்கு மனசு வராது, ஆர்டர் கெட்டுவிடும், அப்பா என்ன நினைப்பார் என்றெல்லாம் யோசிப்பாய். யோசி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் உன் போன் வரவில்லை என்றால், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் போட்டு, நீ சிரிக்கிற இடத்தில் நிறுத்தி, அந்த நேரத்தில் அவர் எங்கே கிடந்தார் என்று சொல்லிவிடுவேன். அவர் விழுப்புரத்துக்கு வரமாட்டார், அது நிச்சயம். ஆனால் அதற்கப்புறம் அவருக்குப் பிள்ளை என்று ஒருத்தன் இருக்கமாட்டான். நீ சொன்னால் அவர் இழப்பது ஒரு பாராட்டு. நான் சொன்னால் அவர் இழப்பது உன்னை. அவரை அந்த அளவுக்குத் தண்டிக்க எனக்கு இஷ்டம் இல்லை, அதனால்தான் உன்னைக் கெஞ்சுகிறேன்.

உன் அம்மா